தொட்டியின் இடது ஓரம்

போன வாரம் தாணுலிங்கம் பாதிச் சாப்பாட்டில் இலையை மடக்கிவிட்டு எழுந்ததும், "இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்று சொன்னதும், ஏன் என்று அப்பா கேட்டதற்கு வாயே திறக்காமல் போனதும் உங்களுக்கு மறந்திருக்காது. தாழக்குடியில் அந்த வீட்டில் அன்றிலிருந்து யாருக்கும் சோறு இறங்கவில்லை. அப்பா முத்துக்குமாரசாமிப் பிள்ளைக்கு மட்டும் இறங்கியது. இடியே விழுந்தாலும் அவருக்கு ஒரு மணிக்கு இலை போட்டாக வேண்டும்.

"அவன் கெடக்கான். நாளைக்கு அவங்க வாறாங்க, வரட்டும். எம்மகளுக்கு நான் மாப்பிள பாக்கேன். இவன் ஆரு வேண்டாங்கதுக்கு?"

மகள் அன்னக்கிளிக்கு இருபத்திரண்டு முடிந்துவிட்டது. வந்த இரண்டு சம்பந்தங்கள் வாசலோடு போயின. ஒன்று ஜாதகத்தில் தட்டியது, இன்னொன்று ஏன் தட்டியது என்று இதுவரைக்கும் தெரியாது. மூன்றாவதாக வந்தவன் பறக்கைப் பூதலிங்கம். நெய்யூர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். போட்டோ வந்து இருபது நாளாகிறது. அன்னக்கிளி அதை ஒரு தடவைதான் பார்த்தேன் என்கிறாள். அவள் மைனி, தாணுலிங்கத்தின் மனைவி சண்முகவடிவு, எண்ணியது ஒன்பது தடவை.

இந்த வீட்டு மருமகள் சண்முகவடிவுக்கு இப்போது ஒரே கவலை. இதுவும் தட்டிப்போனால் அன்னக்கிளியின் கதி என்ன? தாயில்லாப் பெண். மைனி, மைனி என்று இவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவள்.

பிள்ளைக்கு இருந்த கவலை வேறு. தொட்டி.

தொட்டி என்றால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற கல்தொட்டி இல்லை. சுதந்திரம் வந்த மறு வருஷம், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த துரை பங்களாவைக் காலி செய்துவிட்டுக் கப்பலேறினான். அவனுடைய சாமான்களை ஏலம் போட்டபோது பிள்ளை எடுத்தது இந்தக் குளிக்கிற தொட்டியை. ஆள் நீளத்துக்கு வார்ப்பிரும்பு, நாலு சிங்கக் கால். மலையிலிருந்து இறக்க இரண்டு சோடி மாடும் எட்டு ஆளும் தேவைப்பட்டது. துரை போட்டிருந்த பூச்சு தேய்ந்திருந்ததால் திருவனந்தபுரத்திலிருந்து ஆள் கொண்டுவந்து புதுசாக வெள்ளைப் பெயிண்ட் அடித்து, கொல்லைப்பக்கம் ஒரு குளிப்புரையே கட்டினார்.

கட்டினாரே தவிர, ஒரு நாளும் அதில் இறங்கியதில்லை. "ஓடுத தண்ணியிலே முங்காத குளி ஒரு குளியா?" என்று ஆற்றுக்குத்தான் போவார். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் தொட்டியைப் பார்த்தாக வேண்டும். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டாரும் பார்ப்பார்கள். அதன் ஓரத்தில் பெயிண்ட் பெயர்ந்து துரு தெரிகிறது. விடுவாரா பிள்ளை? நாகர்கோவில் பஸ் ஷெட்டில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஜான்ரோஸை விடியும்போதே வரவழைத்துவிட்டார். வரவழைத்த கையோடு ஆண்டித்தோப்பு வயலைப் பார்க்கப் போய்விட்டார்.

ஜான்ரோஸ் அதிகம் பேசாத ஆள். உப்புத்தாளும் சுரண்டுகிற கத்தியும் இரண்டு டப்பாவும் எடுத்து வரிசையாக வைத்தான். தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பிறகு இடது பக்க ஓரத்தில் குந்தி உட்கார்ந்து கத்தியை வைத்தான்.

சண்முகவடிவு வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர்ந்து கிடந்தது இரண்டு இடம்தான். சுரண்டச் சுரண்ட அவன் கை நகர்ந்துகொண்டே போனது.

"அம்மா, இதுக்கு முன்னால இதிலே கை வச்சது ஆரு?"

"திருவனந்தபுரத்து ஆளு. அஞ்சாறு வருசம் ஆச்சே."

"அதில்ல. இது கிட்டத்திலே செஞ்ச சோலி." கத்தி முனையில் வெள்ளையாக ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினான். "பெயிண்டு இல்ல. சுண்ணாம்பு. வெத்திலைக்குப் போடுதோம்லா, அந்தச் சுண்ணாம்பு. பசை விட்டுக் கொழச்சு அப்பியிருக்கு. தண்ணி பட்டதும் இளகிட்டுது."

"பழைய பெயிண்டு பொரிஞ்சிட்டுதுன்னுதான் மாமா சொன்னாக."

"பொரிஞ்சா உப்பும். இது இடிபட்டுச் செதறினது. பாத்தேளா, இரும்பு தெரியக் குழியாட்டுச் சொட்டை விழுந்திருக்கு. ஒண்ணு, ரெண்டு..." எண்ணினான். "பதிமூணு எடம். எல்லாம் இந்த இடப்பக்கம். வலப்பக்கத்திலே ஒரு கீறல் கெடையாது."

சண்முகவடிவு கிட்டே வந்து அந்தச் சொட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"வெந்நி எதிலே கொண்டாந்து ஊத்துவிய?" என்று ஜான்ரோஸ் கேட்டான்.

அவள் மூலையில் கிடந்த தவலையைக் காட்டினாள். பெரிய செம்புத் தவலை, இரண்டு பக்கமும் காது. ஜான்ரோஸ் அதைத் தூக்கித் தொட்டியின் கால்மாட்டில் நின்று ஊற்றுவது போலச் சரித்துப் பார்த்தான். தவலையின் விளிம்பை ஒரு சொட்டையில் வைத்தான். அச்சாகப் பொருந்தியது.

"ரெண்டு கையாலே தூக்குகாரு. இடக்கை நிக்கல்ல. நழுவி இடிச்சிருக்கு," என்றான். "ஆரு குளிக்கியது இதிலே?"

வீட்டில் இதில் குளிக்கிறவன் ஒரே ஆள்தான். ஆறு மாசமாகத் தாணுலிங்கம் ஆற்றுக்குப் போவதில்லை. குளிப்புரைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தொட்டியில்தான் குளிக்கிறான். "தொரை குளிக்கப் போறாரு" என்று அன்னக்கிளி கேலிகூடச் செய்வாள். முன்பெல்லாம் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் முதுகு தேய்க்க இவளைக் கூப்பிடுவான். இப்போது வெந்நீர்கூட இவள் எடுத்துக்கொண்டு போகக் கூடாது, தானே தூக்கிக்கொள்வேன் என்கிறான். பெண்சாதிக்குப் பாரம் குறையட்டும் என்று நினைக்கிறார் என்று இவள் பூரித்துப்போனாளே! பைத்தியக்காரி!

"குழந்தை ஏதாவது போட்டு இடிச்சிருக்கும்," என்று சும்மா சொல்லி வைத்தாள். அவளுடைய நாலு வயசுக் குழந்தை அந்தத் தவலையை அசைக்கக்கூட முடியாது. ஜான்ரோஸ் உப்புத்தாளை எடுத்தான். துருவைத் தேய்த்தான். சோடாக்காரம் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவினான்.

"இனிமே ஈரம் சாகணும். இரும்புக்குள்ளே ஈரம் இருந்தா மேலே அடிக்கிற பெயிண்டு கொப்பளிச்சிரும்."

இரும்புச் சட்டி நிறையக் கரியைக் கனலாக்கித் தொட்டிக்குள் இடது ஓரத்தை ஒட்டி வைத்தான். குளிப்புரை அடுப்படி போல வெந்தது. கொஞ்ச நேரம் கழித்து விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தான். சொய்யென்று பறந்தது. "குழந்தையை இந்தப் பக்கம் விட்டிராதிய, அம்மா. தொட்டாத் தோலு இரும்பிலே ஒட்டிக்கிடும்."

பத்து நிமிஷம் ஆகியிருக்காது. வடசேரிச் சந்தைக்குப் போயிருந்த தாணுலிங்கம் வந்துவிட்டான். வாழைக்குலையைத் தாழ்வாரத்தில் போட்டவன், கொல்லையில் புகையைப் பார்த்துவிட்டு நேரே குளிப்புரைக்கு வந்தான். நெற்றியில் திருநீறு. முழுக்கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டியிருந்தான். இரண்டு கையிலும் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மூன்று மூன்றாகத் திருநீற்றுப் பட்டை.

இந்தத் திருநீற்றைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தாணுலிங்கம் ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் தீற்றிக்கொள்வதோடு சரி. ஆறு மாசம் முன்னால் திடீரென்று முழுச் சைவனாகிவிட்டான். குளித்த ஈரம் காய்வதற்குள் நீறு குழைத்துப் பட்டை போட்டுக்கொண்டுதான் வெளியே வருவான். சுசீந்திரத்தில் தாணுமாலயனுக்கு நேர்ந்துகொண்டது பலித்துவிட்டது என்று சண்முகவடிவு தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள்.

"ஆரு இதை நோண்டச் சொன்னா?" என்று உள்ளே வந்ததும் சீறினான்.

"மாமாதான். நாளைக்கு அவங்க வாறாங்கல்லா, அதுக்குத்தான்..."

"அவங்க தொட்டியைப் பாக்கவா வாறாங்க? ஏலே, போதும். எடுத்துக்கிட்டுப் போ."

சொல்லிக்கொண்டே சுரண்டிய இடத்தைப் பார்க்கக் குனிந்தான். குனிந்தவன் இடக்கையை விளிம்பில் ஊன்றினான்.

சொய்யென்ற அதே சத்தம்.

சண்முகவடிவு அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. சொட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கருகின வாசனை அவள் மூக்குக்கு வந்துவிட்டது.

"அய்யா, கை! கை!" என்று ஜான்ரோஸ் அலறினான்.

தாணுலிங்கம் நிமிர்ந்து ஜான்ரோஸைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். கடைசியாகத்தான் தன் கையைப் பார்த்தான். வெடுக்கென்று எடுத்தான். அதற்குப் பிறகுதான் கத்த வேண்டும் என்று அவனுக்கு ஞாபகம் வந்தது.

"அம்மா! சுட்டுட்டுதே!"

அந்தக் கத்தல் சண்முகவடிவைப் பயமுறுத்தியதுபோல அவள் வாழ்நாளில் எதுவும் பயமுறுத்தியதில்லை. அவன் உள்ளே போய்விட்டான். விளிம்பில் உள்ளங்கைத் தோல் ஒரு இணுக்கு ஒட்டிக் காய்ந்துகொண்டிருந்தது. ஜான்ரோஸ் அதை ஈரச்சாக்கால் துடைத்தான். கனல் சட்டியை வெளியே எடுத்தான். அவளை நேருக்கு நேர் பார்க்கவில்லை.

"அம்மா, நான் ஒண்ணும் பாக்கல்ல," என்றான்.

சூடு ஆறட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சொட்டைகளில் பட்டி வைத்து நிரப்ப ஆரம்பித்தான். டப்பாவில் வெள்ளையைக் கலக்கி, ஒரு சொட்டு மஞ்சளும் கம்பி முனையில் தொட்ட கறுப்பும் விட்டு, பழைய வெள்ளைக்குச் சேருகிறதா என்று பார்த்தான்.

பத்தாயப்புரையில் நெல் வாசனைக்கு நடுவே தாணுலிங்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சண்முகவடிவு தேங்காயெண்ணெய்யும் ஒரு கும்பாவில் தண்ணீரும் கொண்டுபோனாள். கதவைச் சாத்தினாள். கேட்காமல் கொள்ளாமல் அந்தக் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கை வெந்து கிடந்தது. ஈரத்துணியால் மணிக்கட்டைத் துடைத்தாள். அப்படியே மேலே துடைத்தாள்.

"அங்கன வேண்டாம்," என்று அவன் கையை இழுத்தான்.

அவள் விடவில்லை. திருநீறு கரைந்து வழிந்தது. வழிந்த பிறகும் அந்த இடம் வெளுப்பாகவே இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு, ஓரம் லேசாகச் சிவந்து, ஒரு முடிகூட இல்லாமல்.

"கண்ணை மூடுங்கோ, அத்தான்."

"எதுக்கு?"

"மூடுங்கோ."

மூடினான். அவள் தாலிச்சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள். வெளுப்பின் நடுவில் வைத்து அழுத்தினாள். ஒரு பொட்டு இரத்தம் வந்தது.

"ம், குத்து," என்றான் தாணுலிங்கம், கண்ணைத் திறக்காமல்.

சண்முகவடிவு ஊக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். இந்தக் கையில் தலை வைத்துத்தானே குழந்தை தினமும் தூங்குகிறது! அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"எத்தனை மாசமா?"

"ஆறு."

"ஆறு மாசம்! ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லக் கூடாதா? நான் கட்டுன பொண்டாட்டியா, வழியே போறவளா?"

"சொன்னா என்னா செய்வே? அன்னக்கிளிக்கு ஒரு பய தாலி கெட்டுவானா? அண்ணனுக்குப் பெருநோயுன்னு, குஷ்டமுன்னு தெரிஞ்சா இந்த வீட்டு நடையிலே எவனாவது கால் வைப்பானா? ஆத்திலே பத்துப் பேரு முன்னால சட்டையைக் கழத்த முடியுமா? அதுக்காச்சுட்டிதான் அந்தத் தொட்டி. பாழாப்போன தவலை, கையிலே நிக்க மாட்டேங்குது, வடிவு. பிடிச்சிருக்கேன்னு நெனைப்பேன், விழுந்திருக்கும்."

"வைத்தியம் ஒண்ணும் பாக்கல்லியா?"

"பாத்தேன். சனிக்கிழமை சனிக்கிழமை வக்கீலைப் பாக்கப் போறேன்னு சொன்னேம்லா? அது வக்கீல் இல்ல." கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தான். "நெய்யூருக்குப் போனேன். பேரை மாத்திக் குடுத்தேன். சுயம்புன்னு. டாக்டர் நல்லவரு. பயப்படாதேயும், இப்பம் மாத்திரை வந்திருக்கு, விடாமத் தின்னா மாறிரும், கூட இருக்கியவங்களுக்கும் பயமில்லன்னு சொன்னாரு. வாராவாரம் போயி மாத்திரை வாங்கிட்டு வருவேன்."

சண்முகவடிவுக்கு மூச்சு வந்தது. மாறும்! மாறுகிற நோய்தான்! அந்த ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. "அப்பம் போங்களேன்! போன சனிக்கிழமை வீட்டிலேதானே இருந்திய? அதுக்கு மிந்தின ரெண்டு வாரமும் போகல்லியே?"

அவன் வெந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்கோ, அத்தான். ஏன் போகல்ல?"

"மாத்திரை எடுத்துத் தாற ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் நிப்பான். சின்ன வயசு. பேரைக் கூப்பிடுவான், கையை நீட்டச் சொல்லிப் பாப்பான், எண்ணித் தருவான். அஞ்சு மாசமா அவன் மொகத்தைப் பாத்துக்கிட்டிருக்கேன். இருபது நாளைக்கு மிந்தி அப்பா போட்டோவைக் கொண்டாந்து மொதல்லே எங்கையிலேதான் தந்தாரு."

சண்முகவடிவுக்கு இப்போதுதான் விளங்கியது. இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று இவன் ஏன் சொன்னான் என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டதே. மாப்பிள்ளை மேல் ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளைக்கு இவனைத் தெரியும். அவ்வளவுதான்.

அவள் எழுந்தாள். அவள் சும்மா இருக்கிற ரகம் இல்லை, இத்தனை வாரமாக உங்களுக்கே தெரியும். "நாளைக்குத்தானே வாறாங்க? நீங்க விடியறதுக்கு மின்னே தெரிசனங்கோப்புக்குப் போயிருங்கோ. எங்க அப்பாவுக்கு மேலுக்குச் சுகமில்ல, ஆளு வந்துதுன்னு நான் மாமாகிட்டச் சொல்லிக்கிடுகேன். பொண்ணு பாத்துட்டுப் போகட்டும். பொறவு என்ன செய்யலாம்னு யோசிப்போம். சனிக்கிழமை நானும் உங்களோட ஆஸ்பத்திரிக்கு வாறேன்."

"நீயா?"

"பின்னே? அங்கே நின்னு அழவா வாறேன்? மாத்திரை வாங்க வாறேன்."

அவன் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். கண் கலங்கியிருந்தது. அவள் வெந்த கையில் எண்ணெய் தடவி வெள்ளைத் துணியைச் சுற்றினாள். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தானைப் போட்டாள். ஒரு நாள் இருக்கிறது. ஒரு நாளில் எவ்வளவோ செய்யலாம் என்று அவளுக்குத் தைரியம் வந்துகொண்டிருந்தது.

வாசலில் வண்டி மாட்டின் சலங்கை கேட்டது. அதோடு கூடவே பிள்ளையின் குரல், ஏழு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி.

"வாருங்கோ, வாருங்கோ! அதனாலென்னா? நாளைக்கு லீவு கிடைக்கல்லன்னா இண்ணைக்கு வரப்படாதா? நம்ம வீடுல்லா! ஏ வடிவு! ஏட்டி அன்னக்கிளி! ஆரு வந்திருக்கான்னு பாரு!"

சண்முகவடிவின் கை பொத்தானிலேயே நின்றது. அடுப்படியிலிருந்து அன்னக்கிளி ஓடிவந்து பத்தாயப்புரைக் கதவைத் தட்டினாள். "மைனி! மைனி! அவங்க வந்தாச்சு! மாப்பிளயும் அவரு பெரியப்பாவும். நான் தலைகூட ஒதுக்கல்ல, மைனி. என்ன செய்ய?" பயமும் சந்தோஷமும் சேர்ந்து அவள் குரல் கிரீச்சிட்டது.

"போயி மொகத்தைக் கழுவு. நீலப் பட்டை உடுத்துக்கோ. நான் இந்தா வாறேன்," என்று உள்ளேயிருந்தே சொன்னாள் சண்முகவடிவு. கணவனிடம் கிசுகிசுத்தாள். "பின்வாசல் வழியாப் போயிருங்கோ. தோப்புக்குப் போயிருங்கோ."

பின்வாசலுக்குக் குளிப்புரையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாணுலிங்கம் பாதி தூரம் போயிருப்பான். காப்பிக்கு முன்னால் தொட்டியைக் காட்டுகிற வழக்கம் இந்த வீட்டில் இருக்கிறதே! பிள்ளை வந்தவர்களை முன்கட்டில் உட்காரக்கூட விடாமல் நேரே கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏலே தாணு, எங்க போறே? இங்க வா. மாப்பிள, இவன்தான் எம்மகன். உங்களுக்கு அத்தான் மொறை. தாலுகாக் கச்சேரியிலே சோலி. இதுதான் நான் சொன்ன தொட்டி. வார்ப்பிரும்பு, சீமையிலேர்ந்து வந்தது. பாருங்கோ, பாருங்கோ."

ஜான்ரோஸ் கடைசிச் சொட்டைக்குப் பெயிண்ட் போட்டுவிட்டுத் தூரிகையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். பூதலிங்கம் ஒல்லியான ஆள். தூய வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பேனா, நகமெல்லாம் சுத்தமாக வெட்டியிருந்தது. தாணுலிங்கத்தின் முகத்தைப் பார்த்தான். துணி சுற்றிய இடக்கையைப் பார்த்தான். மறுபடியும் முகத்தைப் பார்த்தான்.

வாசல்படியில் நின்ற சண்முகவடிவு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். தாணுமாலயா! தாணுமாலயா!

பூதலிங்கம் இரண்டு கையையும் கூப்பினான். "இண்ணைக்குத்தான் பாக்கேன், அத்தான்," என்று சிரித்தான்.

தெரியவில்லை! அவனுக்கு அடையாளம் தெரியவில்லை! நூறு பேர் வருகிற இடம், எத்தனை முகத்தை ஞாபகம் வைப்பான்?

"காப்பி கொண்டா, வடிவு," என்று பிள்ளை பெரியப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு முன்கட்டுக்கு நடந்தார். ஜான்ரோஸும் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டான். பூதலிங்கம் மட்டும் தொட்டியின் இடது ஓரத்தில் குனிந்தான். ஈரப் பெயிண்ட்டில் முட்டாமல் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பதிமூன்று இடத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். தலையை நிமிர்த்தாமலே பேசினான். குரல் தாழ்ந்து, மரியாதையாக இருந்தது.

"மூணு சனிக்கிழமை ஆச்சு. வரல்லியே, சுயம்பு அண்ணாச்சி."

தாணுலிங்கம் துணி சுற்றிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். பூதலிங்கம் நிமிர்ந்து, மேல்துண்டால் நிதானமாக விரல்களைத் துடைத்துக்கொண்டான். வாசல்படியில் நின்ற சண்முகவடிவைப் பார்த்து அதே சிரிப்பைச் சிரித்தான்.

"பெயிண்டு கொள்ளாம், நல்லாருக்கு. ஒரு வித்தியாசமும் தெரியல்ல," என்றான். "பொண்ணை எப்பம் காட்டுவிய?"